கோயிலுக்கு எத்தனை வயது? கல்லைப் பார்த்துக் காலம் சொல்லும் முறை

குடமுழுக்குச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு வரியும் வந்துவிடும்: "இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த திருக்கோயில்." அதே கோயில் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகை "11ஆம் நூற்றாண்டு" என்கிறது. கல்வெட்டு படிப்பவரைக் கேட்டால் "அம்மன் சந்நிதி மட்டும் 13ஆம் நூற்றாண்டு" என்கிறார். அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தால் போன வருடம் அடித்த வண்ணம் பளபளக்கிறது. படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

கோயிலுக்கு ஒரே வயது கிடையாது என்பதிலிருந்து தொடங்கினால் குழப்பம் பாதி தீரும். நம் கோயில்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கட்டப்பட்டவை. எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்பதைப் பிரித்தறியக் கல்லிலேயே அடையாளங்கள் இருக்கின்றன. கூர்ந்து பார்க்கும் எவருக்கும் அவை பிடிபடும்.

எதன் வயதைக் கேட்கிறோம்?

1. தலத்தின் வயது. அப்பரும் சம்பந்தரும் பாடிய ஊர் என்றால் 7ஆம் நூற்றாண்டிலேயே அங்கே வழிபாடு இருந்தது உறுதி. ஆனால் அவர்கள் பார்த்த கட்டடம் இன்று நிற்பதுதான் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது.

2. மூலவரின் வயது. பழைய திருமேனியை வைத்துக்கொண்டே கருவறையைப் புதிதாகக் கட்டுவது வழக்கம். பின்னமான திருமேனியை மாற்றிப் புதிது வைத்ததும் உண்டு. ஆகவே மூலவரும் சுவரும் ஒரே காலத்தவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

3. கட்டடத்தின் வயது. கருவறை, அர்த்தமண்டபம், மகாமண்டபம், அம்மன் சந்நிதி, திருச்சுற்று மாளிகை, கோபுரம் ஒவ்வொன்றுக்கும் இது தனித்தனி.

4. மேற்பூச்சின் வயது. செங்கல்லும் சுதையுமாக இருக்கும் மேல்தளங்கள் திருப்பணிக்குத் திருப்பணி புதுப்பிக்கப்படுகின்றன. அங்கே உள்ள பொம்மைகளின் முகம் கடைசித் திருப்பணியின் முகம்.

திருவரங்கத்து ராயகோபுரம் நான்காவதற்கு நல்ல உதாரணம். கல்லாலான அடிப்பகுதி விஜயநகர, நாயக்கர் காலத்திலேயே எழுந்து, மொட்டைக் கோபுரமாக நூற்றாண்டுகள் நின்றது. அதன் மேல் 13 நிலைகளும் முடிந்து 236 அடி உயரத்தை எட்டியது 1987இல்.

கல் எப்போது வந்தது?

தமிழகத்துக் கோயில்கள் முதலில் செங்கல்லும் மரமும் சுதையுமாகவே இருந்தன. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த அகழாய்வில் ஒரு முருகன் கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது. மேலே பல்லவர் காலக் கல் கட்டுமானம். அதற்கும் கீழே அதைவிடப் பழைய செங்கல் தளி, அதாவது செங்கல் கோயில்.

கல்லில் கோயில் எடுப்பது புதுமை என்பதைப் பல்லவ அரசன் மகேந்திரவர்மனே எழுதி வைத்திருக்கிறான். செங்கல், மரம், உலோகம், சுதை இவை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) இதை அமைத்தான் என்கிறது மண்டகப்பட்டுக் குடைவரைக் கல்வெட்டு. காலம் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மலையைக் குடைவதில் ஆரம்பித்து, கல்லை வெட்டி அடுக்கிக் கட்டும் கற்றளிக்கு வந்து சேர இன்னும் இரண்டு மூன்று தலைமுறைகள் ஆயின. பல்லவ அரசன் ராஜசிம்மன் எடுத்த காஞ்சி கயிலாசநாதர் கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது.

காவிரிப் படுகையில் நிலைமை வேறு. வண்டல் மண்ணில் கல் கிடையாது. வெளியிலிருந்து இழுத்து வர வேண்டும். அதனால்தான் பாடல் பெற்ற டெல்டாக் கோயில்களில் பெரும்பாலானவை 9, 10ஆம் நூற்றாண்டுகள் வரை செங்கல் தளிகளாகவே இருந்து, சோழர் ஆட்சியில் கற்றளிகளாக மாறின. சோழ அரசர் கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவியார் இதில் முன்னின்றவர். கோனேரிராஜபுரத்தில், அதாவது திருநல்லத்தில், கணவர் பெயரால் அவர் கற்றளி எடுப்பித்த செய்தி கல்வெட்டாக இருக்கிறது. கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடும் சிறு சிற்பமும் உடன் இருக்கிறது. இத்தகைய கோயிலில் தலம் 7ஆம் நூற்றாண்டுக்கு முந்தியது, சுவர் 10ஆம் நூற்றாண்டு. இரண்டுமே உண்மை.

அடி முதல் முடி வரை

காலக்கணிப்புக்குப் போகுமுன் உறுப்புகளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். கருவறையும் அதன்மேல் எழும் கட்டுமானமும் சேர்ந்தது விமானம். வாயிலின் மேல் எழுவது கோபுரம். தஞ்சைப் பெரிய கோயிலில் வானளாவி நிற்பது விமானம். அதைக் கோபுரம் என்று எழுதுவது பிழை.

விமானத்துக்கு ஆறு அங்கங்கள்:

1. அதிட்டானம் (தாங்குதளம்). கீழிருந்து மேலாக உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. குமுதம் உருண்டையாக இருந்தால் விருத்தக் குமுதம், பட்டை பிடித்திருந்தால் முப்பட்டைக் குமுதம். சில தளங்களில் பட்டிகைக்குப் பதிலாக யாளி வரி ஓடும்; அது பிரதிபந்தம். பெரிய கோயில்களில் இத்தனைக்கும் கீழே உபபீடம் என்று இன்னொரு தளம் இருக்கும்.
2. சுவர். இதில் அரைத்தூண்களும் தேவகோட்டங்களும் (தெய்வச் சிற்பம் வைக்கும் மாடங்கள்) அமையும்.
3. பிரஸ்தரம் (கூரை உறுப்பு). பூதவரியோ அன்னவரியோ ஓடும், அதன்மேல் வளைந்திறங்கும் கபோதம், கபோதத்தில் கூடுகள்.
4. கிரீவம் (கழுத்து).
5. சிகரம். சதுரம் நாகரம், எண்பட்டை திராவிடம், வட்டம் வேசரம்.
6. ஸ்தூபி (கலசம்).

சுவரும் பிரஸ்தரமும் சேர்ந்தது ஒரு தளம். தளங்கள் கூடக் கூட விமானம் உயரும்.

ஸ்தூபி வரை கல்லாலேயே கட்டியிருந்தால் விமானம் முழுவதையும் காலக்கணிப்புக்குப் பயன்படுத்தலாம். பிரஸ்தரம் வரை கல், மேலே செங்கல் என்றால் கல் முடியும் இடத்தோடு நம் ஆதாரமும் முடிந்தது.

போதிகை: தூணின் தலையில் இருக்கும் நாள்காட்டி

காலம் கணிக்க ஒரே ஓர் உறுப்பைத்தான் பார்க்கலாம் என்று யாராவது கட்டுப்படுத்தினால், போதிகையைப் பார்க்கச் சொல்வேன். தூணின் உச்சியில் இருபுறமும் கை நீட்டி உத்திரத்தைத் தாங்கும் கல் அது. உத்திரத்தின் பளு முழுதும் தூணின் குறுகிய தலையில் ஒரே இடத்தில் இறங்கினால் கல்லுத்திரம் நடுவில் விரிசல் விடும். போதிகை கை நீட்டுவதால் உத்திரம் தாண்ட வேண்டிய இடைவெளி குறைகிறது. எந்த நூற்றாண்டிலும் இந்த வேலை மாறவில்லை. ஆனால் சிற்பிகள் அதைச் செதுக்கிய விதம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியது.

ஒரு சோழர் காலக் கருவறையின் தெற்குச் சுவர் முன் நின்று அரைத்தூணைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். நீண்ட கால், அதன் மேல் மாலைத்தொங்கல், பிறகு சின்னக் கலசம், குறுகும் தாடி, அமுக்கிய குடம் போன்ற கும்பம், விரியும் பாலி, அகன்ற சதுரப் பலகை, பலகைக்கு மேல் சிறு கட்டையாக வீரகண்டம், அதற்கும் மேல் போதிகை. இங்கே கண்ணை நிறுத்துங்கள்.

- போதிகையின் அடிப்பக்கம் அலை அலையாகச் சுருண்டு, நடுவில் ஒரு பட்டை ஓடுகிறதா? அது தரங்கப் போதிகை. பல்லவர் காலத்தில் பரவி முற்காலச் சோழர் வரை தொடர்ந்தது.
- அலை எதுவும் இல்லாமல் கத்தியால் சாய்த்து வெட்டியதுபோல் இருந்து, நடுவில் ஒரு கட்டை மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறதா? அது வெட்டுப் போதிகை. முதலாம் ராஜராஜன் காலத்தை ஒட்டி நன்கு நிலைபெற்ற வடிவம்.
- துருத்திய கட்டை நீண்டு, முனை மொட்டுப்போல் திரளத் தொடங்கினால் பிற்காலச் சோழர், பிற்காலப் பாண்டியர் காலத்துக்கு வந்துவிட்டோம்.
- மொட்டு கீழ்நோக்கித் தொங்கி, வாழைப்பூப்போல் இதழ் பிரிந்திருந்தால் அது புஷ்பப் போதிகை. விஜயநகர, நாயக்கர் காலம்.

மொட்டு தொங்கும் போதிகையுள்ள மண்டபத்தை யாராவது "கரிகாலன் கட்டியது" என்று சொன்னால், அந்தக் கல்லே மறுத்துவிடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வடிவத்தைப் பின்னால் வந்தவர்கள் விரும்பிச் செதுக்கலாம்; புதிய வடிவத்தை முன்னால் இருந்தவர்கள் செதுக்கியிருக்க முடியாது. எனவே ஒரு கட்டடத்தில் கிடைக்கும் அடையாளங்களில் எது மிகப் பிந்தியதோ அதுதான் காலத்தைத் தீர்மானிக்கும். தனி ஒரு போதிகையை மட்டும் நம்பாமல் குறைந்தது மூன்று அடையாளங்களாவது ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

ஒத்துப் பார்க்க வேண்டிய மற்ற அடையாளங்கள்

*கூடு.* கபோதத்தில் உள்ள குதிரைலாட வடிவக் கூட்டின் உச்சி பல்லவர் காலத்தில் மண்வெட்டித் தலைபோல் தட்டையாக இருக்கும். சோழர் காலத்தில் அங்கே சிங்கமுகம் வந்துவிடும்.

*தேவகோட்டம்.* முற்காலச் சோழர் சிவன் கோயிலில் தெற்கே தட்சிணாமூர்த்தி, வடக்கே பிரமன், மேற்கே லிங்கோத்பவரோ வேறொரு வடிவமோ இருக்கும். குடந்தை (கும்பகோணம்) நாகேசுவரன் கோயிலில் மேற்கே அர்த்தநாரி. அர்த்தமண்டபத்தில் பிள்ளையாரும் துர்க்கையும். செம்பியன் மாதேவியாரின் கற்றளிகளில் கோட்டங்கள் கூடி, ஆடவல்லானும் (நடராசர்) அகத்தியரும் பிச்சாடனரும் சுவருக்கு வருகிறார்கள்.

*கும்பபஞ்சரம்.* இரண்டு கோட்டங்களுக்கு இடையே, குடத்திலிருந்து ஓர் அரைத்தூண் முளைத்து மேலே சிறு கோயில் முகப்பைத் தாங்கும் அலங்காரம். தஞ்சைப் பெரிய கோயில் காலத்தில் தலைகாட்டி, பிறகு எங்கும் பரவியது.

*நாகபந்தம்.* மண்டபத் தூணின் அடிச்சதுரம் எண்பட்டையாக மாறும் மூலையில் படமெடுத்த பாம்புபோல் ஒரு செதுக்கல். பிற்காலச் சோழர் காலத்தில் தொடங்கி விஜயநகர காலத்தில் தவறாமல் வரும். தூணிலிருந்து யாளியோ குதிரையோ பாய்ந்து எழுந்தால் வேறு சான்றே வேண்டாம். விஜயநகர, நாயக்கர் கைவேலைதான்.

*துவாரபாலகர்.* பல்லவர், முற்காலச் சோழர் வாயில்காவலர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு கைகள். ராஜராஜன் காலம் முதல் நான்கு கைகளும் கோரைப்பற்களும் அச்சுறுத்தும் விரலும் வழக்கமாகின்றன.

*திருமாலின் சக்கரம்.* பழைய சிற்பங்களில் சக்கரம் எறியத் தயாரானதுபோல் பக்கவாட்டில் விளிம்பு காட்டி நிற்கும். பிற்காலத்தில் முகம் காட்டி, சுற்றிலும் தீச்சுடர்களோடு விரல்நுனியில் நிற்கும்.

*சேட்டைத் தேவி.* இதைத்தான் பலரும் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். திருச்சுற்றின் மூலையிலோ மதிலுக்கு வெளியே புல் மண்டிய இடத்திலோ ஒரு பெண் சிற்பம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். பெருத்த வயிறு, கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்த கோலம், ஒருபுறம் காளைமுக மகன், மறுபுறம் மகள், மேலே காக்கைக் கொடி. 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை சிவன் கோயில்களின் பரிவார தெய்வங்களில் இவளுக்கும் இடம் இருந்தது. பின்னால் மூதேவி என்று ஒதுக்கப்பட்டாள். கட்டடம் முழுதும் புதிதாகிவிட்ட ஊரில்கூட, அங்கே ஒரு காலத்தில் பல்லவர் காலத்து அல்லது முற்காலச் சோழர் காலத்துத் தளி இருந்ததற்கு இந்த ஒரு சிற்பம் சாட்சி சொல்லும். திருப்பணியின்போது "அமங்கலம்" என்று இவளைக் குளத்தில் போடுவது அந்த ஊரின் பழமைக்கான ஆவணத்தையே மூழ்கடிப்பதாகும்.

*தனி அம்மன் சந்நிதி.* திருக்காமக்கோட்டம் என்று கல்வெட்டுகள் சொல்லும் இது முற்காலச் சோழர் கோயில்களில் கிடையாது. 11ஆம் நூற்றாண்டில் தொடங்கி 12ஆம் நூற்றாண்டில்தான் வழக்கமாயிற்று. அம்மன் சந்நிதி சுவாமி சந்நிதியைவிட இளையதாக இருப்பதன் காரணம் இதுதான்.

கல்வெட்டு என்ன சொல்லும், என்ன சொல்லாது?

கல்வெட்டு பெரும்பாலும் கோயில் கட்டிய செய்தியைச் சொல்வதில்லை. விளக்குக்கு ஆடு விட்டது, நிலம் கொடுத்தது, பொன் கொடுத்தது ஆகியவையே அதிகம். அதிலிருந்து கிடைக்கும் முடிவு இவ்வளவுதான்: அந்த நாளில் அந்தச் சுவர் ஏற்கெனவே நின்றது. சுவர் அதைவிடப் பழையதாக இருக்கலாம். புதியதாக இருக்க முடியாது.

இந்த விதிக்கு இரண்டு விலக்குகள் உண்டு:

1. படியெடுத்த கல்வெட்டு. பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது அதிலிருந்த கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டினார்கள். திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவியார் கற்றளி எடுத்தபோது பல்லவர் காலக் கல்வெட்டுகளைக்கூட இப்படிக் காப்பாற்றினார். "இதுவும் ஒரு பழங்கற்படி" என்று குறிப்பும் எழுதச் செய்தார். பல்லவன் பெயர் இருக்கிறதே என்று சோழர் சுவரைப் பல்லவர் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசியாருக்கு இருந்த ஆவண அக்கறை நெகிழ வைக்கிறது.

2. இடம்மாறிய கல். வரி பாதியில் அறுந்தோ எழுத்து தலைகீழாகவோ இருந்தால் அந்தக் கல் வேறெங்கிருந்தோ வந்தது. அதை வைத்துச் சுவருக்குக் காலம் சொல்ல முடியாது.

ஆண்டுக் கணக்கு அரசன் பட்டமேறிய ஆண்டிலிருந்து தொடங்கும். தஞ்சையில் விமானத்தின் செப்பு ஸ்தூபித் தறியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்தது ராஜராஜனின் 25ஆம் ஆண்டு, 275ஆம் நாள். அவன் ஆட்சி தொடங்கியது 985ஆம் ஆண்டின் நடுப்பகுதி. 25ஆம் ஆண்டு பிறக்க 24 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். ஆக 1009 நடுப்பகுதி. அதோடு 275 நாள், கிட்டத்தட்ட ஒன்பது மாதம் கூட்டினால் 1010ஆம் ஆண்டின் முற்பகுதிக்கு வந்துவிடும். 1010 என்ற ஆண்டு இப்படித்தான் வந்தது. விஜயநகரக் கல்வெட்டில் சக ஆண்டு இருந்தால் வேலை எளிது. 78ஐக் கூட்டினால் போதும்.

அரசன் பெயர் சிதைந்திருந்தால் மெய்க்கீர்த்தியின் (அரசன் புகழ் சொல்லும் முன்னுரை) தொடக்கமோ பட்டமோ காட்டிக்கொடுக்கும். "திருமகள் போல" என்றால் முதலாம் ராஜராஜன். "திருமன்னி வளர" என்றால் முதலாம் ராஜேந்திரன். "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்றால் முதலாம் பராந்தகன். வெறும் ராஜகேசரி, பரகேசரி என்று மட்டும் இருந்தால் கவனம் தேவை. சோழ அரசர்கள் இந்தப் பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். அங்கேதான் போதிகையும் கோட்டச் சிற்பமும் மறுபடி கைகொடுக்கும்.

ஒரே முற்றத்தில் எட்டு நூற்றாண்டுகள்

தஞ்சைப் பெரிய கோயில் வளாகத்தை இந்தக் கண்ணோடு சுற்றி வாருங்கள். விமானமும், சண்டிகேசுவரர் சந்நிதியும், கேரளாந்தகன், ராஜராஜன் திருவாயில்களும் ராஜராஜன் காலம். பெரியநாயகி அம்மன் சந்நிதி பாண்டியர் கையால் 13ஆம் நூற்றாண்டில் வந்தது. நுணுக்கமான சிற்பவேலை கொண்ட சுப்பிரமணியர் சந்நிதியும், நந்திக்கு மேலுள்ள மண்டபமும் நாயக்கர் காலம். பிள்ளையார் சந்நிதி மராட்டியர் திருப்பணி. கருவறையைச் சுற்றிய உள்நடையில் நாயக்கர் கால ஓவியப் பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தது 1931இல். ஒரு சுவரின் சில மில்லிமீட்டர் கனத்துக்குள்ளேயே இரண்டு காலங்கள்.

சிகரம் 80 டன் எடையுள்ள ஒற்றைக்கல் என்ற செய்தி இன்றும் சுற்றுகிறது. அது பல கற்களைப் பொருத்திச் செய்தது. அத்தனை உயரத்தில் இணைப்பே தெரியாமல் துண்டுகளைப் பொருத்திய திறமையைத்தான் நாம் கொண்டாட வேண்டும்.

திருப்பணியில் அடையாளங்கள் அழிவது எப்படி?

1. தரை உயர்த்துதல். ஒவ்வொரு திருப்பணியிலும் திருச்சுற்றில் ஒரு அடுக்குத் தளம் போட்டால், உபபீடமும் ஜகதியும் படிப்படியாகப் புதைகின்றன. கல்வெட்டுகள் அதிகமாக இருப்பது ஜகதியிலும் குமுதத்திலும்தான். மேலும் சிமென்ட் தளம் மண்ணின் ஈரத்தை மேலே ஆவியாக விடாது. ஈரம் சுவர் வழியாக ஏறி, அதிலுள்ள உப்பு கல்லின் மேற்பரப்பில் படிகமாகி, பொருக்குப் பொருக்காக உதிர்க்கும்.

2. மணல் வீச்சு. அழுத்தக் காற்றில் மணலை வீசிச் சுண்ணாம்பை அகற்றும் முறை. எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். மணல் சுண்ணாம்போடு சேர்த்து எழுத்தின் விளிம்பையும் சிற்பத்தின் மூக்குநுனியையும் நகையின் கோடுகளையும் தின்றுவிடும். கல்லின் மேல்தோல் போய்ச் சொரசொரப்பாவதால் அடுத்த மழைக்குப் பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும். இதற்கு மாற்று நேரம் பிடிக்கும் வேலை: நீரில் ஊறவைத்து, மூங்கில் சீவலாலும் மென்தூரிகையாலும் சுரண்டுவது, எண்ணெய்ப் பிசுக்குக்குக் காகிதக் கூழ்ப் பற்றுப் போட்டு உறிஞ்ச வைப்பது.

3. எண்ணிடாமல் பிரித்தல். சாய்ந்த சுவரைப் பிரித்துக் கட்டுவதில் தவறில்லை. பிரிக்குமுன் ஒவ்வொரு கல்லுக்கும் வரிசை எண்ணும் இட எண்ணும் எழுத வேண்டும். சுவர்வாரியாகப் படம் எடுக்க வேண்டும். கல்வெட்டுகளை மசிப்படி (மை தடவித் தாளில் எடுக்கும் நகல்) எடுக்க வேண்டும். இது நடக்காத இடங்களில்தான் ஒரு வரியின் தலை தெற்குச் சுவரிலும் வால் மடைப்பள்ளிப் படிக்கட்டிலும் கிடக்கிறது.

4. இரும்புக் கொக்கி. கற்களைப் பிணைக்க இரும்பு செருகினால் அது துருப்பிடித்துப் பருத்துக் கல்லையே பிளக்கும்.

5. கற்சிற்பத்துக்கு வண்ணம். கோட்டச் சிற்பங்களுக்கு எனாமல் பூசினால் பூணூலின் மடிப்பு, சக்கரத்தின் திருப்பம், ஆடையின் கொசுவம் எல்லாம் பூச்சுக்குள் போய்விடும். மேலே சொன்ன அடையாளங்களில் பாதி அங்கேயே மறையும்.

திருப்பணி தொடங்குமுன் ஊரார் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் கருவறையை ஒரு சுற்றுச் சுற்றி, அதிட்டானத்தின் நான்கு பக்கங்களையும் ஒவ்வொரு கோட்டத்தையும் ஒவ்வொரு போதிகையையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வைப்பது. பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் விழும். உச்சிவெயிலில் கண்ணுக்கே தெரியாத வரிகள் அப்போது படத்தில் பதியும். தரைமட்டத்துக்கு மேல் குமுதம் எத்தனை அங்குலம் தெரிகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த திருப்பணி முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி அளந்தால், எவ்வளவு புதைந்தது என்பது தெரிந்துவிடும்.